அம்மா பெயரைக் கேட்ட வங்கி

ஃபலானிகோவின் வங்கி அட்டைக்கு உரிய ரகசிய எண் ஊரில் யாருக்குத் தெரியாது என்று கேட்டால், கைக்குழந்தைகளுக்குத் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும். வங்கி இருக்கும் சலேலோலொகா ஊருக்குப் பேருந்து ஓட்டுகிறவனிடம் அட்டையைக் கொடுத்து, எண்ணையும் சொல்லி, "பணத்தை எடுத்துக்கிட்டு, வர்ற வழியில ரெண்டு டின் மாட்டுக்கறியும் வாங்கிட்டு வாடா" என்று அனுப்புவது அவர் வழக்கம். ஓட்டுநர் மறந்துவிடக் கூடாதே என்று வீட்டுத் தூணில் சுண்ணக்கட்டியால் எழுதியும் வைத்திருந்தார். அந்த வீட்டுக்குச் சுவர் கிடையாது. சமோவாவின் சவாயித் தீவில் பழைய மாதிரி வீடு வைத்திருக்கும் யாருக்கும் சுவர் கிடையாது. சாலையில் போகிற பன்றிக்குப் படிப்பு இருந்தால் அதுவும் படித்துவிட்டுப் போயிருக்கும்.

வங்கிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று வரும் அழைப்பை நம்பாதீர்கள் என்று வாரம் தவறாமல் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஃபலானிகோ அதை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படிப்பார். "நல்ல புள்ளைங்க, நம்ம மேல எவ்வளவு அக்கறை பாரு" என்று மெச்சுவார். அதோடு சரி.

இதைவைத்து அவரை ஒன்றையும் மறைக்கத் தெரியாத வெள்ளந்தி என்று எண்ணிவிடக் கூடாது. அவர் லெவாசா என்னும் குடும்பத் தலைவர் பட்டம் தாங்கியவர். ஊர்ச்சபையில் அவருக்கென்று ஒரு தூண் உண்டு. அதில் சாய்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், கேட்பவர்களுக்குக் கால் மரத்துப்போகும், பேச்சு முடியாது. வாலிபத்தில் தலைநகர் ஆப்பியாவின் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அங்கே கிடைத்தது முதுகுவலியும் ஒரு வங்கிக் கணக்கும்தான். ஊர் திரும்பி, சேப்பங்கிழங்கு போட்டு, கல்யாணம் கட்டி, மகளை ஆக்லாந்துக்கு அனுப்பி, கடைசியில் குடும்பம் கூடி அவருக்கு லெவாசா பட்டத்தைக் கட்டியது. அன்றிலிருந்து மனிதர் நடக்கிற நடையே வேறு. மனைவி தொரேகாகூட நாலு பேர் எதிரில் "லெவாசா, வாங்க" என்பாள். வீட்டுக்குள் கோபம் வந்தால் பழைய ஃபலானிகோதான்.

அந்தப் பட்டத்துக்குத்தான் இப்போது ஆபத்து. ஒன்றுவிட்ட தம்பி ஆப்பேலு, பட்டம் தனக்கே சேரும் என்று நில, பட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தான். அடுத்த மாதம் விசாரணை. அங்கே இரு தரப்பும் எழுந்து வம்சாவளி சொல்ல வேண்டும். யாருக்கு யார் பிறந்தார், அவருக்கு யார் பிறந்தார் என்று ரத்தத்தைப் பின்னோக்கித் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கள் தீவில் இதைவிடப் பெரிய பொக்கிஷம் கிடையாது. பணப்பையைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போவார்கள். வம்சாவளியைச் சொந்த மருமகனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

ஃபலானிகோவின் வம்சாவளியில் ஓர் ஓட்டை இருந்தது. அவருடைய அம்மா லெவாசா வீட்டு மகள் என்பது ஊரறிந்த கதை. உண்மையில் அவள் கைக்குழந்தையாக உப்போலுத் தீவிலிருந்து படகில் வந்தவள். பிள்ளையில்லாத லெவாசா தம்பதி வாங்கி வளர்த்தார்கள். பெற்ற அப்பன் தென்னந்தோட்டத்தில் வேலைக்கு வந்த சீனன், பெயர் ஆ சென். சீனத் தொழிலாளி சமோவாப் பெண்ணோடு குடும்பம் நடத்தக் கூடாது என்று துரைமார் சட்டம் போட்டிருந்த காலம் அது. ஆ சென் என்ன கொலையா செய்தான்? தேங்காய் பறித்தான், ஒருத்தியை நேசித்தான். இன்றைக்கு எங்கள் ஊரில் சேமியாவும் சோயாவும் போட்ட சப்பசுயி இல்லாமல் ஒரு விருந்து நடக்குமா? சீனன் சமையல் நாக்குக்கு வேண்டும், சீனன் ரத்தம் மட்டும் வேண்டாம். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் நீதிபதி இல்லை. இந்த விஷயம் வெளியே வந்தால் ஃபலானிகோவின் பட்டம் போனதுதான்.

சாகும்போது அம்மா அவர் காதில் மட்டும் சொன்ன பெயர் அது. அதை அவர் தன் வாழ்நாளில் ஒரே ஓர் இடத்தில் சொல்லியிருந்தார். துறைமுகக் காலத்தில் கணக்கு தொடங்கும்போது, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் ஞானஸ்நானப் பதிவில் உள்ளபடி இருக்க வேண்டும், பொய் சொன்னால் ஜெயில் என்று ஓர் அதிகாரி மிரட்டிவிட்டார். வாலிபன் நடுங்கிப்போய் ஆ சென் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்தவருக்குத் தொலைபேசி வந்தது. தொரேகா பக்கத்தில் தாழைப்பாய் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, வங்கியிலேர்ந்து பேசறேன், என் பேரு ஜேம்ஸ். உங்க கணக்குல ஒரு சின்னப் பிரச்சினை. அட்டை நம்பரைக் கொஞ்சம் படிக்கிறீங்களா?" என்றான் ஒருவன். சுத்தமான பேச்சு, வானொலியில் செய்தி வாசிக்கிறவன் மாதிரி.

"அதுக்கென்ன தம்பி" என்று ஃபலானிகோ கையைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"ரகசிய எண் சொல்ல முடியுமா?"

"தாராளமா. எனக்குக் கண்ணு தெரியல, இரு. தொரேகா, தூண்ல என்ன போட்டிருக்கு?"

தொரேகா தூணைப் பார்த்துச் சொன்னாள். ஜேம்ஸ் அந்த நிமிஷம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருக்க வேண்டும். அவன் தொழிலில் இப்படி ஒரு வாடிக்கையாளர் அமைவது அபூர்வம்.

"ரொம்ப நன்றி ஐயா. கடைசியா ஒண்ணே ஒண்ணு. உங்க அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரு?"

துருவல் நின்றது. ஃபலானிகோ மெதுவாக எழுந்து நின்றார்.

"ஏன் கேக்குற?"

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் ஐயா."

"யாருடா நீ? எந்த ஊரு? உங்க அப்பன் யாரு, ஆத்தா யாரு? மொதல்ல உன் வம்சத்தைச் சொல்லு, அப்புறம் என் வம்சத்தைக் கேளு."

"நான் தலைமை அலுவலகம் ஐயா..."

"தலைமை அலுவலகத்துக்கு அம்மா கிடையாதா? ஆப்பேலுதானே உன்னை அனுப்பினான்? எவ்வளவு குடுத்தான்? பன்னி குடுத்தானா?"

அப்புறம் அவர் தன் சபைக் குரலை எடுத்தார். கடலையும் வானத்தையும் அழைத்தார். லெவாசா வீட்டின் பெருமையையும், அதன் மலையையும், அதன் சபைத் திடலையும் பாடினார். தன் தாய் லெவாசா மகள், லெவாசா மகள், லெவாசா மகள் என்று முழங்கினார். ஜேம்ஸ் நடுவில் "ஐயா" என்று சொல்லிப் பார்த்தான். பேச்சு முடிவதற்குள் எப்போதோ போனை வைத்துவிட்டான்.

அன்று மாலை ஃபலானிகோ ஊருக்கே அதைச் சொன்னார். "ஆப்பேலு ஒற்றன் வச்சுக் கேக்குறான்யா. நான் யாரு, விடுவேனா?" ஊர் வியந்தது. எண்ணைக் கொடுத்தது பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எல்லாருக்கும் தெரிந்த எண்ணாயிற்றே.

வெள்ளிக்கிழமை பேருந்துக்காரன் வெறுங்கையோடு வந்தான். "அட்டை ஓடல, லெவாசா. பூட்டிட்டாங்களாம்."

தொரேகா வங்கிக்குப் போன் போட்டுக் கேட்டாள். யாரோ லெவாசாவின் பெயரில் பேசி, பணத்தை வெளியூருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் சரியாகச் சொன்னார்களாம். அம்மா பெயரைக் கேட்டபோது மட்டும் லெவாசா, லெவாசா என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். சந்தேகம் வந்து கணக்கைப் பூட்டிவிட்டார்கள். பணம் பத்திரம். நேரில் வந்து சரியான பெயரைச் சொன்னால் திறந்துவிடுவார்கள்.

தொரேகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது அவளுடைய பயணப் பணம். ஆக்லாந்தில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. திங்கள்கிழமைக்குள் டிக்கெட் வாங்கியாக வேண்டும். திரும்பிப் பார்த்தால் புருஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"போகவேண்டாம். பணம் அங்கயே இருக்கட்டும்."

"என்னது? என் பேத்தியைப் பாக்கப் போற காசு அது!"

"விசாரணை முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"ஃபலானிகோ! ஒரு பேரைச் சொல்றதுக்கு உனக்கு என்ன வலிக்குது? அதுக்குள்ள அந்தப் புள்ள நடக்க ஆரம்பிச்சிடும்."

"உனக்குப் புரியாதுடி."

"எனக்கா புரியாது?" என்று சொல்லி அவரையே பார்த்தாள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவருக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. திங்களன்று காலை அவர் தாமாகவே நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு தொரேகாவோடு பேருந்துக்குப் போய் நின்றார்.

வங்கியில் பெரிய வரிசை. அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றவளைப் பார்த்ததும் ஃபலானிகோ சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆப்பேலுவின் மனைவி மெரிபா. பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே, "லெவாசா, சௌக்கியமா?" என்றாள் மரியாதையாக.

கவுன்ட்டரில் ஆப்பியாவிலிருந்து மாற்றலாகி வந்த இளம்பெண். அவள் தலைக்குமேல் பெரிய விளம்பரத்தாள்: உங்கள் விவரங்களை யாரும் கேட்கும்படி சொல்லாதீர்கள். ஃபலானிகோ அதைப் படித்துத் தைரியம் பெற்றார். ஒரு துண்டுத்தாள் கேட்டு வாங்கி, கையால் மறைத்துக்கொண்டு எழுதி, நாலாக மடித்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

பெண் பிரித்தாள். கணிப்பொறியைப் பார்த்தாள். பிறகு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, தெளிவாக, அன்பாக, கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி வாசித்தாள். "வாடிக்கையாளரோட தாயார் குடும்பப் பேரு ஆ சென். சரிதானே சார்?"

ஃபலானிகோவின் கழுத்திலிருந்து வேர்வை சட்டைக்குள் இறங்கியது. செத்துப்போய்விடலாம் என்று இருந்தது அவருக்கு. அம்மா காதில் சொன்ன பெயர், அதை ஒரு சின்னப்பெண் ஏலம் போட்டுவிட்டாள்.

மெரிபா ஓர் அடி முன்னால் வந்தாள். "எதுக்கு லெவாசா இப்படி நடுங்குறீங்க? எங்க யாருக்குத்தான் அது தெரியாது?"

"என்ன?"

"உங்க அம்மா படகுல வந்த கதைதானே. நீங்க தூக்கத்துல உளறினதைக் கேட்டு, நான் கல்யாணமாகி வந்த வருஷமே தொரேகா சொல்லிட்டா."

தொரேகா மின்விசிறியில் ஏதோ கோளாறு இருப்பதுபோல மேலே உற்றுப் பார்த்தாள்.

"அப்போ ஆப்பேலு இதை ஏன் மனுவுல எழுதல?" என்று கேட்டார் ஃபலானிகோ. குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நல்லா எழுதுவாரே! அவர் அதைச் சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? எங்க மாமியாரோட அப்பா லெவாசா வீட்டு ஆளே இல்ல, சாலமன் தீவுலேர்ந்து தோட்ட வேலைக்கு வந்தவர்னு எழுந்து சொல்லிட மாட்டீங்களா? அப்புறம் எங்களுக்கு ஏது பட்டம்?"

ஃபலானிகோவுக்கு அது தெரியாது. யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அவர் முகத்தைப் பார்த்து மெரிபாவுக்கும் அது புரிந்துவிட்டது. அவள் கையில் பனையோலை விசிறி நின்றது. இவருக்குத் தெரியும் என்று நம்பி, எந்த ஜேம்ஸும் கேட்காமலே, தன் வாயால் குடும்பத்தின் பூட்டைத் திறந்து சாவியையும் கையில் கொடுத்துவிட்டாள். ஒரே வாக்கியத்தில் வழக்கு முடிந்துவிட்டது. அடுத்த மாதம் ஃபலானிகோ எழுந்து நின்று அதைச் சொன்னால் போதும், ஆப்பேலு வாயைத் திறக்க முடியாது.

மெரிபாவின் மேலுதட்டில் வேர்வை அரும்பியது. ஃபலானிகோ அதைப் பார்த்தார். சற்று முன்வரை தன் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்த அதே வேர்வை. இந்தப் பெண்பிள்ளை இத்தனை வருஷமும் அவருடைய அம்மாவின் பெயரை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். பயத்தில்தான் வைத்திருந்தாள் என்றாலும் வைத்திருந்தாள். தானோ, போனில் பேசியவனை இவள் வீட்டு ஒற்றன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்னமோ சொன்னியேம்மா" என்றார் காதைத் தேய்த்துக்கொண்டு. "துறைமுகத்துல வேல பாத்ததுலேர்ந்து இந்தக் காது சரியில்ல. ஒண்ணும் விழல."

மெரிபா மறுபடி விசிற ஆரம்பித்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தங்கள் பாஸ்புத்தகங்களைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள். எவர் காதிலும் ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் மட்டும் விடவில்லை. "சார், நீங்க இன்னும் சொல்லல. சரியா தப்பான்னு உங்க வாயால சொன்னாத்தான் திறக்கும். தாயார் குடும்பப் பேரு என்ன சார்?"

ஃபலானிகோ நிமிர்ந்து நின்றார். எந்தக் குரலில் ஊர்ச்சபையில் லெவாசா பெருமையைப் பாடுவாரோ, அந்தக் குரலை எடுத்தார்.

"ஆ சென்" என்றார். "எங்க அம்மா ஆ சென் மக."

"நன்றி சார். திறந்தாச்சு" என்றாள் அந்தப் பெண். "அடுத்தவங்க வாங்க."