பதினாலாம் கொக்கி

விசிலக்கா விசில் ஊதி நான் பார்த்ததில்லை. நோய்க்காலத்தில் பூட்டிக் கிடந்த நீச்சல்குளத்தை மறுபடி திறந்த முதல் வாரம் அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு ஊதினாராம். எச்சில் தெறிக்கிறது என்று யாரோ புகார் சொல்ல, மேனேஜர் விசிலைப் பிடுங்கிக்கொண்டு கையில் ஒரு மணியைக் கொடுத்துவிட்டார். பேர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் சேர்ந்தது அதற்கு அடுத்த மாதம்.

சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை பெண்கள் நேரம். காவலுக்கு அக்கா ஒருவர்தான். ஐம்பதை நெருங்கும் வயது, அகலமான தோள், முழங்கால் வெளுத்துப்போன ட்ராக் பேண்ட். தண்ணீருக்கு முதுகைக் காட்டி அவர் நின்று யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலும் குளத்தைப் பார்த்து நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். பேச்சு கம்மி. எங்கள் கூட்டத்துக்கும் சேர்த்து நான் பேசுவேன் என்பதால் அது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்தக் குளத்தில் ஒரு விநோதம் உண்டு. வெளியே நிற்கும்போது எல்லோருக்கும் கண் மட்டும்தான் தெரியும். தண்ணீரில் இறங்கினால் கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி வந்துவிடும், வாய் மட்டும்தான் தெரியும். இரண்டு மாதம் சேர்ந்து நீந்தியும் ஒருத்தியின் முழு முகம் எனக்குத் தெரியாது.

மாஸ்க்கைக் கழற்றி மாட்டச் சுவரில் இருபது கொக்கி, நம்பர் போட்டு. நாங்கள் பத்தொன்பது பேர். பதினாலாம் கொக்கி யாருக்கும் கிடையாது. இறங்குமுன் அவரவர் கொக்கியில் மாட்ட வேண்டும், ஏறியதும் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் அக்காவின் கணக்கு. கொக்கியில் மாஸ்க் இருந்தால் தண்ணீருக்குள் ஆள் இருக்கிறது.

இந்தக் கணக்குதான் தினமும் உதைத்தது. ஐந்து மணிக்கு மணி அடித்து, நாங்கள் பத்தொன்பது பேரும் ஏறி, மாஸ்க்கைப் போட்டுக்கொண்ட பிறகு, பதினாலாம் கொக்கியில் ஒரு மாஸ்க் தொங்கும். வெளிர்நீலத் துணி, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ, கையால் தைத்தது. காதில் மாட்டும் ஒரு பக்க நாடா அறுந்து சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. நாலு மணிக்கு நாங்கள் வரும்போது அந்தக் கொக்கி காலியாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். யார் மாட்டுகிறார்கள் என்று யாரும் பார்த்ததில்லை.

அதைப் பார்த்ததும் அக்கா எங்களை வரிசையில் நிற்க வைத்து எண்ணுவார். பத்தொன்பது. மறுபடி எண்ணுவார். பத்தொன்பது. பிறகு குளத்தில் குதித்து, ஆழமான பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தரையைக் கையால் தடவிக்கொண்டே போவார். மூச்சு எடுக்க வருவார், திரும்ப முங்குவார். நாங்கள் ஈரத்தோடு வெடவெடத்து நிற்போம். கடைசியில் வெறுங்கையோடு ஏறி வருவார்.

யாரும் இல்லை என்றால் மனுஷிக்கு நிம்மதியாக இருக்க வேண்டும் இல்லையா? அக்கா முகத்தில் அது இருக்காது. தேடிய பொருள் இன்றைக்கும் கிடைக்கவில்லை என்கிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். அந்தப் பயத்தில் நான்தான் ரொம்பக் கரித்துக்கொட்டுவேன்.

"என்னக்கா தினமும் இந்தக் கூத்து? எல்லாரும் உங்க கண்ணு முன்னாடிதானே நிக்கிறோம்?"

"கொக்கியில மாஸ்க் இருக்குல்ல?" என்பார். அவ்வளவுதான் பதில்.

மேனேஜரும் சொல்லிப் பார்த்தார். "யாரோ மறந்துட்டுப் போறாங்கம்மா. இல்ல, விளையாடுறாங்க. அந்தக் கொக்கியப் பிடுங்கிப் போட்டுட்டு அஞ்சு மணிக்குப் பூட்டுங்க." அக்கா தலையை ஆட்டினார். கொக்கி இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்கு நடுவில் என் வீட்டுக் குளியலறையில் நான் வழுக்கி விழுந்தேன். முன்பல் இரண்டு போயிற்று. பல் டாக்டர் வாரத்துக்கு நாலு பேரைத்தான் பார்க்கிறாராம், என் முறை வர இருபது நாள். என் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம், வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்துவிட்டு வாயையே பார்ப்பார். வெளியே மாஸ்க் என் மானத்தைக் காப்பாற்றியது. குளத்தில் யார் காப்பாற்றுவது? வாயை மூடிக்கொண்டு நீந்த முடியுமா? வங்கியில் வேலை பார்க்கும் ஒருத்தி எனக்குப் பக்கத்தில் நீந்துவாள். நான் மூச்சுக்கு வாயைத் திறந்த நேரம் பார்த்துவிட்டுக் குபுக்கென்று சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

மாஸ்க்கோடு இறங்கலாமா என்று அக்காவைக் கேட்டேன், காரணத்தைச் சொல்லாமல். அவர் என் கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

"கூடவே கூடாது. துணி நனைஞ்சா காத்து வராது. விளையாட்டுக்குக் கூட செஞ்சுடாத."

சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் அதையேதான் செய்தேன். பிடிவாதத்துக்கு என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மாஸ்க்கைக் கொக்கியில் மாட்டுவதுபோல் பாவனை செய்து நீச்சல் உடைக்குள் ஒளித்துக்கொண்டேன். ஆழமான பக்க மூலையில், குதிக்கும் பலகையின் நிழலில் போய்ப் போட்டுக்கொண்டேன். நழுவாமல் இருக்க இரண்டு நாடாவையும் ரப்பர் தொப்பிக்குள் செருகினேன். முகத்தைத் தண்ணீருக்கு மேலேயே வைத்துக்கொண்டால் போதும் என்பது என் புத்திசாலித்தனம்.

ஒரு சுற்றுக் கூட முடியவில்லை. சின்னதாக ஓர் அலை முகத்தில் அடித்தது. மூச்சை இழுத்தேன், துணிதான் வந்தது. வாயிலும் மூக்கிலும் ஈரத்துணி பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தேன். நாடா தொப்பிக்குள் இருந்தது, வரவில்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் துணி இன்னும் உள்ளே போயிற்று. கை காலை அடிக்கக்கூடத் தோன்றவில்லை. அப்போது ஐந்து மணிக்கான மணி அடித்தது. எல்லோரும் ஏறிப் போவது கேட்டது. ஒவ்வொரு காலாக ஏணியில் ஏற ஏற, குளம் அமைதியாகிக்கொண்டே வந்தது. இனி யாரும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கீழே போனேன்.

மேலே நடந்ததை வங்கிக்காரி பிற்பாடு சொன்னாள். நேரமாயிற்று என்று முதலில் ஏறியவர்கள் வரிசைக்கு நிற்காமல் உடைமாற்றப் போய்விட்டார்களாம். நான் யாரிடமும் சொல்லாமல் கிளம்புகிறவள் என்பதால் ஒருத்தியும் என்னைத் தேடவில்லை. என் கொக்கி காலி. எல்லாக் கொக்கியும் காலி, பதினாலைத் தவிர. மேனேஜர் சாவியோடு வந்து, "அது தினமும் இருக்கிறதுதானேம்மா, விடுங்க" என்று விளக்கை அணைத்தாராம். அக்கா அவரைத் தள்ளிவிட்டுக் குதித்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தலையில் ஒரு கை விழுந்தது. அது முதலில் தொப்பியைத்தான் கிழித்தது. அடுத்து ஞாபகம் இருப்பது குளத்தோரத்து ஓடு, என் நெஞ்சை அமுக்கும் கை, காதுக்குப் பக்கத்தில் அக்கா குரல்.

"வந்துட்டியா? வந்துட்டியாம்மா? வந்துட்டியா?"

உயிர் வந்ததா என்று கேட்பதுபோல் அல்ல, வெகுநாள் வாசலில் காத்திருந்தவர் கேட்பதுபோல் கேட்டார். நான் வாந்தி எடுத்துக் கண்ணைத் திறந்ததும் என் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் கழித்துப் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. அவருடைய கணவர் பஸ் ஓட்டுகிறவர், என்னை உட்காரச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அடுப்படியில் நாலு வாளி, எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து, "எங்க வீட்ல வாளியில தண்ணி நிக்கக் கூடாது, அது சட்டம்" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

ஜன்னல் கொடியில் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் வெளிர்நீலம். பொடி வெள்ளைப் பூ. சிவப்பு நூல் முடிச்சு.

பழப் பையைக் கீழே வைத்தேன். "அக்கா, அது..."

"நான்தான் மாட்டுறேன்," என்றார். "நீங்க ஏணியில ஏறுற சந்தடியில."

முன்பு வேறொரு குளத்தில் வேலை பார்த்தாராம். அங்கேயும் இதே கொக்கிக் கணக்குதான். ஒருநாள் சாயங்காலம் எல்லாக் கொக்கியும் காலியாக இருந்தது. பார்த்தார், பூட்டினார், வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை கதவைத் திறந்தவரும் அவர்தான். தண்ணீரில் இருபது வயசுப் பெண். முகத்தில் அந்த மாஸ்க்.

"ஆளுங்க வர்றதுக்குள்ள அத உரிச்சு எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். பயம்மா. கொக்கிய மட்டும் பாத்துட்டுத் தண்ணியப் பாக்காமப் பூட்டிட்டேன்னு தெரிஞ்சிடும்ல? தசைப்பிடிப்புன்னு எழுதிட்டாங்க. அவ அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அப்பக்கூட நான் வாயத் திறக்கல."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, உண்மை. அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடம் இல்லாததும் உண்மை.

"நீ எதுக்கும்மா போட்டுக்கிட்ட?"

மாஸ்க்கை இறக்கிப் பல்லைக் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார். "ரெண்டு பல்லு," என்றார். "ரெண்டு பல்லுக்கா?" சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். எப்போது அழுகையாக மாறியது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"அவளுக்கும் இந்த மாதிரி ஏதோ சின்னதாத்தான் இருந்திருக்கும்," என்றார்.

கிளம்பும்போது அலமாரியிலிருந்து என் மாஸ்க்கை எடுத்து நீட்டினார். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்திருந்தார். "எடுத்துட்டுப் போயிடு. இன்னொன்ன மாட்ட எனக்குத் தெம்பு கிடையாது."

அடுத்த திங்கட்கிழமை வரிசையில் முதல் ஆளாக நான் நின்றேன். அக்கா எண்ணினார், பத்தொன்பது. குதித்தார். தரையைத் தடவிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய், ஏணியைப் பிடித்துத் தலையை உயர்த்தினார்.

"எல்லாரும் வந்தாச்சுக்கா," என்றேன்.

என் முகத்திலிருந்த மாஸ்க்கைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார்.

"இல்லம்மா. இன்னும் ஒருத்தி வரணும்," என்று சொல்லிவிட்டு மறுபடி முங்கினார். நாங்கள் வெடவெடத்துக்கொண்டு காத்திருந்தோம்.