பின்னால் கூப்பிட்டது

பிள்ளைகளே, எல்லாரும் இதை வாசிக்க வேண்டும். சின்னவன், நீ முதலில் வாசி. அக்காவுக்கு வந்தது உன்னால் வந்ததில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அக்கா கடற்படைப் பயிற்சிக்குப் புறப்பட்ட காலை உனக்கு ஞாபகம் இருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு வாசல் படலையைத் தாண்டிவிட்டாள். "அக்கா, சீப்பு" என்று நீ பின்னாலிருந்து கத்தினாய். "முடியை வெட்டிப்போடுவினம், சீப்பு என்னத்துக்கு?" என்று அவள் திரும்பிச் சிரித்தாள். கடலுக்குப் போகிறவனைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். கூப்பிட்டால் அன்றைக்குக் கடலுக்குள் போட்டைத் தள்ள மாட்டோம். அம்மாவின் முகம் கறுத்தது. "பஸ்ஸிலதானே போறாள்" என்று சொல்லி நான்தான் அனுப்பினேன். பஸ் போன பிறகும் படலையை நான் சாத்தவில்லை.

என்னோடு தொழில் செய்யும் கிண்ணியா ஊர்க் கூட்டாளி பகிடிக்காரன். "கொஞ்ச நாள் போகட்டும் மச்சான். உன்ர மகளே வந்து நம்மட போட்டை மறிச்சு, பாஸைக் காட்டுங்க எண்டு கேப்பா" என்றான். சிரித்தேன். ஆனால் துறைமுக வாயில் கடற்படைப் படகு எங்கள் பக்கம் திரும்பினால் என் கை இன்னும் சண்டைக்காலப் பழக்கத்தில் மீன்பிடிப் பாஸைத் தேடும். அந்த உடுப்புக்குள் இனி என் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவர்களுக்குப் போன் கொடுப்பார்கள். "சுகமோ?" என்று கேட்டு முடிய முன்னமே, "ஓம் அப்பா, சுகம்" என்று பதில் வந்துவிடும். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர்கள் அணிநடை பழகும் வீடியோக்களை முகாமின் முகநூலில் போடுவார்கள். எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே நடை. நான் அவளைக் கண்டுபிடித்தது இடது காலால். மற்றப் பிள்ளைகள் பாதத்தைத் தட்டையாக அடித்தார்கள். அவள் வெளி ஓரத்தை மட்டும் வைத்தாள். அடுத்த வீடியோவில் கால் இன்னும் சரிந்திருந்தது. முகத்தை மட்டும் நேராக வைத்திருந்தாள்.

அந்த ஞாயிறு, "காலுக்கு என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்தி, "அப்பா, ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ. தெரிஞ்சா அடுத்த தொகுதிப் பிள்ளையளோட தள்ளிப்போடுவினம். இல்லாட்டி வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம். இனிக் கடைசி ஓட்டம் மட்டும்தான்" என்றாள்.

"ஓட ஏலுமோ?"

"ஏலும்."

எங்கேயோ விசில் ஊதியது. போன் நின்றுவிட்டது.

வலை இழுக்கும்போதும் எனக்கு அந்தக் கால்தான். வெடிப்பு விட்ட போட்டில், கரையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. பெயின்ட் அப்படியே இருக்கும். பெரிய அலை அடித்தால்தான் பிளக்கும். அம்மாவிடம் சொன்னேன். "வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும்" என்றாள். "காலோட வரட்டும்."

முகாமில் அவசரத்துக்கென்று தந்திருந்த நம்பருக்கு எடுத்தேன். தமிழ் விளங்கும் ஒரு மேடம் கதைத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, பாக்கிறம்" என்றார். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால், என்ன செய்தியோ என்று அம்மா குசினி அடுப்பை விட்டு வெளியே வரமாட்டாள்.

பிறகு அம்மாவின் போனுக்கு எடுத்தாள். எலும்பில் வெடிப்பாம். ஓடியிருந்தால் முறிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கால் ஆறினபிறகு அடுத்த தொகுதியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அப்பாட்டக் குடுக்கட்டோ?" என்று அம்மா கேட்டாள்.

"வேண்டாம்" என்றது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "தம்பி கூப்பிட்டதால ஒண்டும் வரேல்ல அம்மா. அப்பாதான் என்னைப் பின்னால கூப்பிட்டவர்."

கேட்டாயா, சின்னவன்? அக்காவே சொல்லிவிட்டாள். ஆராவது வெளிக்கிடும்போது இனி நீ வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டாம். என்னோடுதான் அவள் இன்னும் கதைக்கவில்லை.

நேற்று, கால் ஆறி அவள் சேர்ந்த புதுத் தொகுதியின் வீடியோ வந்தது. கரைக்குப் போய்ப் போட்டின் ஓரத்தில் தனியே இருந்தேன். முகங்களை உள்ளங்கையால் மறைத்துவிட்டுக் கால்களை மட்டும் பார்த்தேன். எல்லாக் கால்களும் தட்டையாகவே விழுந்தன. எது என் பிள்ளையின் கால் என்று தெரியவில்லை. கையை எடுக்காமல் வீடியோவைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.