ஏழாவது வேட்டு

மழை இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் பொய்த்த ஒரு கோடை. அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். செஞ்சி ராணிக்கோட்டை மலைக்குப் பின்பக்கம் இருந்த ஒரு கல்லாங்காட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே பிற்பாடு டீக்கடைப் பேப்பரில்தான். நைனா விட்டுப்போன சொத்து என்று ஒரு கடப்பாரைகூடக் கிடையாது. ஆனால் இன்றைக்கு நீங்கள் அவலூர்பேட்டை ரோட்டில் போனாலும் சரி, அனந்தபுரம் பக்கம் போனாலும் சரி, வழியில் பார்க்கிற கிணறுகளில் பாதி நான் வெட்டியது. பாறையைத் தட்டிப் பார்த்தே தண்ணீர் எத்தனை ஆழத்தில் என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியருக்குப் படித்த பிள்ளைகள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், உழைத்தவன் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பெருமைக்கு அடியில் ஒன்று கிடக்கிறது. அதை என் வீட்டுக்காரியிடம்கூட நான் சொன்னதில்லை.

அந்தக் கல்லாங்காட்டில் குஷ்டம் கண்ட பெருவியாதிக்காரர்கள் பதினாலு பேர் குடிசை போட்டு இருந்தார்கள். ஊரை விட்டு விரட்டப்பட்டவர்கள். அவர்களோடு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் இருந்தார். பாதிரியார் என்றதும் தாடியும் தடியுமாக நினைக்காதீர்கள். என் வயசுதான் அவருக்கும். வெயிலில் முகமெல்லாம் தக்காளிப் பழம்போலச் சிவந்து தோல் உரிந்திருக்கும். எந்த நாடு என்று நான் கேட்டதே இல்லை. எங்களுக்கு வெள்ளைக்காரன் என்றால் எல்லாம் சீமைதான். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, கூழ் காய்ச்சுவது, சாயங்காலம் ஜெபம் சொல்வது, இதுதான் அவர் வேலை. புத்தகத்தில் படித்த தமிழும் நோயாளிகளிடம் கற்ற தமிழும் கலந்து பேசுவார். "இன்னா மேஸ்திரி, தாங்கள் சாப்டாச்சா?" என்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அங்கே தண்ணீர் கிடையாது. பக்கத்து ஊர்க் கிணற்றில் அவர்கள் இறங்கக் கூடாது. பானையை ரோட்டோரம் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். மனசு வந்தவர்கள் ஊற்றிவிட்டுப் போவார்கள். பஞ்சம் வந்ததும் அந்த மனசும் வற்றிவிட்டது. பாதிரியார் சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டி எங்கிருந்தோ கொண்டுவருவார். அது குடிக்கவே போதாது, புண்ணை எதில் கழுவுவது? அவருக்கு மேலே டவுனில் ஒரு பெரிய பாதிரியார் இருந்தார், பெரிய ஐயர் என்போம். மாசக் கடைசிக்குள் தண்ணீர் வராவிட்டால் இடத்தை மூடிவிட்டு நோயாளிகளை எங்கேயோ தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டியது என்று அவர் சொல்லிவிட்டார். நோயாளிகளுக்கு அதில் இஷ்டம் இல்லை. அங்கே இருந்தால் சொந்த ஊர்ப் புகையாவது கண்ணுக்குத் தெரியும் என்பார்கள்.

கிணறு வெட்ட ஒருத்தனும் வரவில்லை. வியாதி ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். நான் போனேன். தர்மத்துக்கு ஒன்றும் போகவில்லை. அதுவரை இன்னொரு மேஸ்திரியிடம் கூலியாக இருந்தவன், அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தேன். என் பேரில் ஒரு கிணறு வேண்டும். அதற்காகப் போனேன். அங்கே ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். கூழும் வெங்காயமும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போய், தள்ளி உட்கார்ந்து தின்பேன்.

பாறையில் துளை போடுவது நான். கூட இறங்கிச் சம்மட்டி அடித்ததும் கல்லை வாரியதும் அந்தப் பாதிரியார்தான். விரல் இல்லாத நோயாளிகள் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு கூடையை மேலே இழுத்தார்கள்.

வேட்டு வைக்கிற முறையை இங்கே சொல்ல வேண்டும். பாறையில் ஏழு துளை போட்டால் ஏழிலும் மருந்து கெட்டித்து, திரியை ஒன்றைவிட ஒன்று நீளமாக விட்டுப் பற்ற வைத்துவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். எத்தனை வெடித்தது என்று எண்ணுவதில்தான் உயிர் இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது, மறுநாள்தான். எண்ணிக்கை தவறாமல் இருக்க, துளைக்கு ஒரு கூழாங்கல் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்றாகக் கீழே போடுவார்கள். என் பழைய மேஸ்திரி கல் இல்லாமல் திரி பற்ற வைக்கவே மாட்டார். நான் கல் வைத்துக்கொள்ளவில்லை. கிழவன் வேலை அது, எனக்கு மனசிலேயே நிற்கும் என்று மிதப்பு.

நான் வைக்காத கல்லை அந்தப் பாதிரியார் வைத்திருந்தார். என்றைக்கோ நான் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையில் ஏழு கல்லைப் போட்டுக்கொண்டு நிற்பார்.

நாலு நாளாக எனக்கு எட்டு கேட்டது. வைத்தது ஏழு, கேட்டது எட்டு. ஒன்று கூடினால் பயமில்லை, குறைந்தால்தானே பயம் என்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள். முந்தின சாயங்காலமே பாறை இடுக்கில் ஈரம் கசிந்திருந்தது. நோயாளிகள் எல்லாரும் கிணற்றைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னிக்கு உங்க பானைய ரொப்பாம நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்" என்று அவர்கள் எதிரில் மார்தட்டினேன். உச்சி வெயிலில் திரியைப் பற்ற வைத்து ஏறினேன். வெடித்தது. அன்றைக்கு எனக்குச் சரியாக ஏழு கேட்டது.

சரியாக இருந்ததுதான் தப்பு. அது என் மண்டையில் ஏறவில்லை.

பாதிரியார் கிட்டே வந்து கையைத் திறந்து காட்டினார். உள்ளங்கையில் ஒரு கல். "மேஸ்திரி, ஒரு கல்லு மீதி இருக்குது."

"ஏழும் வெடிச்சாச்சி தொரை. நான் எண்ணினேன்."

"ஏழாவது, மலை வெடிச்சது மேஸ்திரி. தினமும் கடைசியில் ராணிக்கோட்டை ஒன்று சொல்லும். நான் கேட்டிருக்கிறேன்."

அவர் சொன்னது சத்தியம். மலை அடியில் கூப்பிட்டால் திரும்பக் கூப்பிடும் என்று செஞ்சியில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒவ்வொரு வெடிக்கும் எதிரொலி வந்திருக்கிறது. முதல் ஆறின் எதிரொலி அடுத்த வெடியோடு கலந்துவிடும். கடைசியாக வெடித்ததன் எதிரொலி மட்டும் தனியாகக் கேட்கும். அதுதான் அந்த நாலு நாளும் கூடுதலாகக் கேட்ட ஒன்று. இதை அந்த மண்ணில் பிறந்த எனக்கு எங்கிருந்தோ வந்தவர் சொல்கிறார். பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"மலை வெடிக்குமா தொரை? நீ வேதத்த எண்ணு, வேட்ட நான் எண்ணுறேன். இன்னா ஜனங்களே, மலை வெடிச்சத யாருனா பாத்தீங்களா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வயசான நோயாளியம்மா ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கி எறங்கினா இன்னா, தண்ணி எங்க ஓடிடப் போவுது?" என்றாள்.

"நீ கம்முனு கெட. மேஸ்திரி நீயா, நானா?"

பாதிரியார் கையிலிருந்த கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிணற்று மேட்டில் வைத்தார். "மேஸ்திரி சொன்னால் சரி. தாங்கள் சாப்பிடுங்கள், நான் கல்லு வாரி வைக்கிறேன்" என்று கயிற்றைப் பிடித்து இறங்கினார். தினமும் அப்படித்தான், நான் சாப்பிடும் நேரத்தில் அவர் இறங்கி வாருவார். நான் தூக்குச் சட்டியைத் திறந்தேன். கீழே கடப்பாரைச் சத்தம் இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது கேட்ட சத்தம் கடப்பாரை இல்லை.

அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. மாட்டு வண்டியில் போட்டு செஞ்சி வந்து, அங்கிருந்து ஒரு வேனில் திண்டிவனம் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது. தலை என் மடியில் இருந்தது. அவ்வளவு நாள் அவர் ஊற்றிய தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்றிருந்தவன், அன்றைக்கு அவர் ரத்தத்தில் நனைந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கிணற்று மேட்டுக்கு வந்தார். பெரிய ஐயரும் வந்திருந்தார். "யாரு எறங்கச் சொன்னது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வாயைத் திறந்தபோது உண்மையைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். வந்தது வேறு. "ஒண்ணு வெடிக்கலன்னு நான் சொன்னேன் சார். எறங்க வேணாம்னு தலபாடா அடிச்சிக்கினேன். அவருதான் கேக்கல. தண்ணி வரணும்னு அவசரம்."

எழுதினார்கள். பெருவிரல் வைத்தேன். பெரிய ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவன் எப்பவும் அப்படித்தான், எல்லாத்திலும் அவசரம்" என்றார்.

அந்த வயசான அம்மா கிட்டே வரப் பார்த்தாள். கான்ஸ்டபிள் தடியை நீட்டி, "தூரப் போ, தூரப் போ" என்று விரட்டினார். அவள் நின்ற இடத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் மேஸ்திரி, ஒரு கல்லு மீதின்னு அவருதான சொன்னாரு?"

"இன்னா சொல்றா அவ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பிள்ள போன மாதிரி அழுவுது சார். புத்தி கலங்கிடுச்சி" என்றேன்.

மாசக் கடைசியில் வேன் வந்து பதினாலு பேரில் பதின்மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனது. அந்த அம்மா ஏறவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தகரக் குவளையோடு உட்கார்ந்திருப்பாள். நான் எதிர்ப்பக்கமாகப் போவேன். இரண்டு வருஷம் அப்படிப் போயிருக்கிறேன். பிறகு அவள் இடம் காலியாக இருந்தது. அவள் யாரிடமாவது சொன்னாளா தெரியாது. சொல்லியிருந்தாலும் யார் நின்று கேட்டிருக்கப் போகிறார்கள்? அது தெரிந்துதானே அன்றைக்கு நான் துணிந்தேன்.

நாலைந்து மாசம் கழித்துப் பெரிய ஐயர் ஆள் அனுப்பினார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துத்தான் போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். என் வாழ்க்கையில் பங்களாவில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாதிரியாரின் அம்மா சீமையிலிருந்து கடுதாசி எழுதியிருந்தார்கள். அதில் ஒரு பகுதி எனக்காம். ஐயர் தமிழில் சொன்னார்.

"என் மகன் சின்ன வயசிலிருந்தே யார் பேச்சையும் கேட்க மாட்டான். நீங்கள் தடுத்தும் அவன் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவனால் உங்களுக்கு எவ்வளவு மனக்கஷ்டம். அவனை மன்னித்துவிடுங்கள். அவனை மடியில் வைத்துக்கொண்டு போனதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்."

என் பேச்சைக் கேட்டதால் செத்தவன் அவன். அந்த ஒரு பேச்சைத்தான் அவன் கேட்டிருக்கக் கூடாது. உண்மை வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. அப்போது எனக்கு மேல்சித்தாமூரில் ஒரு பெரிய விவசாயியின் நிலத்தில் கிணறு பேசி முடிந்திருந்தது. மேஸ்திரி என்று நாலு பேர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஐயர் கடுதாசியை மடித்தார். "பதிலுக்கு ஏதாவது எழுதணுமா?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அந்தக் கல்லாங்காட்டுக் கிணற்றை நான் முடிக்கவில்லை, வேறு யாரும் முடிக்கவில்லை. முள் முளைத்துத் தூர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வெட்டிய ஒரு கிணற்றிலும் என்னிடம் ஆள் சேதம் கிடையாது. இதை நான் கல்யாண வீடுகளில் மீசையை முறுக்கிக்கொண்டு சொல்வதுண்டு. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. ஏன் என்று வீட்டுக்காரி கேட்பாள், வெயில் என்பேன். கோவிலுக்குச் செய்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் ஒட்டவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்டுவிடலாம், மன்னிப்புக் கேட்டு எழுதிய தாயிடம் எப்படிக் கேட்பது?

அப்போது எழுதத் தெரியாது என்பது ஒரு சாக்கு. பிறகு கற்றுக்கொண்டேன். பேங்கில் கையெழுத்துப் போட்டேன், கலெக்டருக்கு மனு எழுதினேன், மகள் கல்யாணப் பத்திரிகையை நானே எழுதிக் கொடுத்தேன். "உங்கள் மகன் சொன்னதுதான் சரி, தப்பாக எண்ணியது நான்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் தன் பிள்ளையைக் குறை சொல்லாமல் கண்ணை மூடியிருப்பாள். அந்த ஒரு வரியை இன்றைக்குத்தான் எழுதியிருக்கிறேன். படிக்க வேண்டியவர்கள் இப்போது யாரும் இல்லை.