அணை வரை இரக்கம்

இரக்கம் சார் என்றால் சைக்கிளில் ஊர் சுற்றுகிற எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். இந்தப் பெயர் ஓர் எழுத்துப்பிழையில் பிறந்தது. நன்றாக யோசித்து வைத்த பெயரை விட்டுவிட்டு, இப்படித் தவறிப் பிறந்ததைத்தான் உலகம் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

அவருடைய அக்காவும் அத்தானும் சைக்கிள் பயணக் கம்பெனி நடத்துகிறார்கள். காடு, மலை, ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று ஒரு வாரம் சுற்றிவிட்டு வரலாம். சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கி, துணிமணியைப் பின்சக்கரத்துப் பைகளில் திணித்துக்கொண்டு மிதிக்க வேண்டியதுதான். சிலர் அத்தானோடு கூட்டமாகப் போவார்கள். சிலர் கம்பெனி கொடுக்கும் வழி அட்டையைப் பார்த்துக்கொண்டு தனியாகப் போவார்கள். மற்ற கம்பெனிகளில் பின்னாலேயே ஒரு கார் வரும், கால் வலித்தால் ஏறிக்கொள்ளலாம். இங்கே கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. "பின்னாடி வண்டி வராது, குரல் வரும்" என்று அக்கா விளம்பரத்தில் போட்டிருந்தாள். அட்டையின் அடியில் இருக்கும் ஃபோன் நம்பரை அழைத்தால் வரும் அந்தக் குரல்தான் இரக்கம் சார்.

அவர் இந்த ஊருக்கு வந்தது ஃபோன் எடுப்பதற்கு இல்லை. பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்ற வெறியில், ஆசை ஆசையாக வாங்கிய சைக்கிளோடு வந்து இறங்கினார். அக்காவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அதை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, ஒரு வாரம் ஃபோனை மட்டும் பார்த்துக்கொள், அப்புறம் தாராளமாகப் போகலாம் என்றாள். அந்தக் குழந்தை இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். அந்த ஒரு வாரம்தான் இன்னும் முடிந்தபாடில்லை.

ஆபீஸ் என்பது கீழ்த்தளத்தில் பின்பக்கத்து அறை. ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து அச்சகத்தின் சுவர் கைக்கு எட்டும். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் ஒரு ஆட்டுத்தலை போல இருக்கும், அதுதான் அவர் அன்றாடம் பார்த்த இயற்கைக் காட்சி. மேஜைக்கு மேலே வனப்பகுதி வரைபடம். அதற்கும் மேலே கொக்கியில் அவருடைய சைக்கிள் தொங்கியது. எப்போதாவது பேங்க் வரைக்கும் அதற்குப் போய்வரும் பாக்கியம் கிடைக்கும். மற்றபடி அவர் ஓட்டியதெல்லாம் சக்கரம் வைத்த நாற்காலிதான். மேஜையிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து மேஜைக்கு. அதிலும் ஒரு சக்கரம் இழுக்கும்.

அக்கா கெட்டவள் இல்லை. இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போடுவாள். போட்டுக்கொண்டே ஃபோனை அவர் காதில் வைப்பாள். அவருக்குப் பெண் பார்ப்பதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எழுத்துப்பிழைக்கு வருவோம். மலை உச்சியிலிருந்து அணைக்கட்டு வரைக்கும் பாதை ஒரே சரிவு, பெடலைத் தொடவே வேண்டாம். அதை வழி அட்டையில் எழுதும்போது இவர் வல்லின றகரத்தை மறந்து, "உச்சியிலிருந்து அணை வரை இரக்கம். கவனமாகச் செல்லவும்" என்று எழுதிவிட்டார். பேச்சில் இரண்டும் ஒன்றுதானே, வாய் சொன்னதைக் கை எழுதிவிட்டது. அட்டையைப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அணைக்கு அப்புறம் இரக்கம் கிடையாதா சார் என்று உச்சியிலிருந்து ஃபோன் போட்டுக் கேட்டார்கள். அக்கா திட்டித் தீர்த்து அடுத்த அட்டையில் திருத்திவிட்டாள். பெயரைத் திருத்த முடியவில்லை. அந்த இரக்கம் சாரோடு பேசுவதற்காகவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், அவரும் நாற்காலியோடு சேர்த்து ஆணி அடித்தாற்போல் ஆகிவிட்டார்.

வழி சொல்வதில் அவர் கெட்டிக்காரர்தான். கண்ணை மூடிக்கொள்வார். வலது பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்பார். கேட்கவில்லை என்றால் திரும்பி வந்து மரப்பாலத்துக்கு முந்தின கிளைப்பாதையைப் பிடிக்கச் சொல்வார். எல்லாம் போய்வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. நீங்கள் இங்கே நிறையத் தடவை வந்திருப்பீர்களே என்று ஒருவர் ஒருநாள் கேட்டபோது, ஆமாம் என்று வாயைக் கொடுத்துவிட்டார். போனதே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் எல்லாரிடமும் அதே ஆமாம்தான்.

போன சீசனில் ஒரு பெண் உச்சியிலிருந்து அழைத்தாள். வழி கேட்க அழைக்கவில்லை. அவர் சொன்னபடியே பாதை வந்தது, நன்றி சொல்லலாம் என்று அழைத்தாளாம்.

"எல்லாம் சொன்னீங்க சார், இந்த வாசனையை மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களே" என்றாள்.

என்ன வாசனை என்று அவருக்குத் தெரியாது. ஆமாம் ஆமாம், அது இருக்கும் என்று மழுப்பிவிட்டு ஃபோனை வைத்தார். வைத்ததும் அழுகை வந்துவிட்டது. வாசனையை யாரும் வரைபடத்தில் போடுவதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது. போனால்தான் உண்டு. முட்டி இப்போதே படியேறும்போது முனகுகிறது. இந்த வருஷம் போகாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று அவருக்கு உறைத்தது.

அன்றைக்கே அக்காவிடம் போய், அந்த சீசனின் கடைசிப் பயணத்தில் தானும் வருவதாகச் சொன்னார். அக்கா தட்டிக்கழிப்பாள், முந்தானையால் கண்ணைத் துடைப்பாள் என்று எதிர்பார்த்துப் பதில்களையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது.

"போயிட்டு வாடா. ஃபோனை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அத்தனை சுலபமாகச் சொன்னபோதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, டயரை மாற்றினார். ரயிலில் சாமான் பெட்டியில் சைக்கிள்களுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். காட்டுக்குள் மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், வழி தவறியவர்கள் அப்படித்தான் அவரை அழைப்பார்கள். நுழைந்ததும் அவருடைய கைபேசியில் சிக்னல் போய்விட்டது. அதைப் பையின் அடியில் போட்டபோது காதே லேசானது. ஆறு அவர் சொல்லி வந்தபடி வலது பக்கத்தில் சத்தம் போட்டது, மரப்பாலம் அதன் இடத்தில் இருந்தது. கூட வந்தவர்கள் அவரிடம் வழி கேட்டார்கள். அவர் பேசாமல் அத்தானைக் கைகாட்டினார். வாசனையும் வந்தது. ஈர மண்ணும் நசுங்கிய இலையும் சேர்ந்து, அதோடு கொஞ்சம் கசப்பாக இன்னும் ஏதோ. அந்த ஏதோவுக்கு அவருக்குப் பெயர் தெரியவில்லை, தெரியாமல் இருப்பது நன்றாக இருந்தது. மூச்சு வாங்கினாலும், முட்டி கெஞ்சினாலும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு நாள் ஏறி மலை உச்சிக்கு வந்தார்கள். அங்கே ஒரு சின்ன ஓய்வு விடுதி, அதன் பின்னால் ஒரு செல்ஃபோன் கோபுரம். அதற்கு அந்தப் பக்கம் பாதை வளைந்து வளைந்து கீழே போனது. பள்ளத்தாக்கின் கோடியில் அணைக்கட்டின் தண்ணீர் மினுங்கியது. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த சரிவு. இனி மிதிக்கக்கூட வேண்டாம், பிரேக்கை விட்டால் போதும்.

அவர் ஹெல்மெட் வாரைப் போட்டுக்கொண்டிருந்தபோது பையின் அடியிலிருந்து கைபேசி அடித்தது.

யாரோ ஒரு ஆள், வேறொரு பள்ளத்தாக்கில் தனியாகப் போனவர், பாதை இரண்டாகப் பிரிகிறது என்றார். இரக்கம் சாருக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. தண்ணீர்ச் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டார். பாதி சொல்லும்போதுதான் உறைத்தது. இந்த நம்பர் எப்படிக் கிடைத்தது என்றார். அட்டையில் இருந்த நம்பர்தான் சார் என்றார் அந்த ஆள்.

அவரைச் சற்று நேரத்தில் மறுபடி அழைக்கச் சொல்லிவிட்டு அக்காவுக்குப் போட்டார். அக்கா தயாராகத்தான் இருந்தாள்.

"ரெண்டு நாளா நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்டா. இடதுன்னு சொல்லி ஒரு அம்மாவை ஆத்துக்குள்ளயே விட்டுட்டேன். நல்லவேளை, முழங்கால் தண்ணி. இன்னிக்கு நீ உச்சிக்கு வந்துருவேன்னு ஆபீஸ் நம்பரை உன் ஃபோனுக்குத் திருப்பி விட்டேன். கீழ இறங்கினா சிக்னல் போயிடும், அதனால நீ அங்கேயே இரு. அத்தான் உனக்கு ரூம் போட்டு வச்சிருக்காரு, ஜன்னல்லேருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுமாம். அவங்க அணைக்குப் போயிட்டு அந்த வழியாத்தானே திரும்பி வரணும், கூட்டிட்டு வந்துருவாங்க."

அத்தான் காலையிலிருந்து ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இப்போது புரிந்தது. அவர்தான் முதல் ஆளாகச் சரிவில் இறங்கியிருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கடைசியாகப் போனவர் கையாட்டிவிட்டுப் போனார். இரக்கம் சார் ஆற்றில் நின்ற அந்த அம்மாவை நினைத்தார். நம்பரைத் திருப்பி அனுப்பிவிட்டு இறங்கிவிடலாம்தான். அடுத்தவருக்கு முழங்கால் தண்ணீர்தான் இருக்கும் என்று யார் சொல்வது? கோபப்படக்கூட வழியில்லை.

"இரக்கமே இல்லையாக்கா?" என்றார்.

அந்தப் பக்கம் காகிதத்தைப் புரட்டும் ஓசை.

"இறக்கம் இல்லையா? உச்சிலேருந்து அணை வரைக்கும் இறக்கம்னுதானேடா அட்டையில போட்டிருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லு. நாளைக்குப் புது அட்டை அச்சுக்குப் போகுது, தப்புன்னா மாத்திடறேன்."

அவர் நன்றாகப் பார்த்தார். சைக்கிள்கள் முதல் வளைவைத் தாண்டி மறைந்திருந்தன.

"இருக்குக்கா" என்றார். "அட்டையில சரியாத்தான் இருக்கு."

வைத்ததும் மறுபடி அடித்தது. சைக்கிளை விடுதிச் சுவரில் சாய்த்துவிட்டு எடுத்தார்.