எட்டு வயதிலேயே நின்றுபோன பேய்

ஒரு சினிமாவின் கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலில் என் பெயர் வர வேண்டும் என்ற ஆசையில், செத்துப்போன என் அக்கா மகளைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவனிடம் போனில் நாற்பது நிமிடம் பேசினேன். அவன் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். வயது ஐம்பத்து மூன்று, நிறைய வாசித்தவன் என்று வெளியே ஒரு பேர், தாலுகா அலுவலகத்தில் நாலு பேருக்குப் புத்தி சொல்லுகிற உத்தியோகம். அத்தனையும் அந்த நாற்பது நிமிடம் எங்கே போயிருந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

காரணம் ஒரு பேய் நாவல். மாத நாவலாக வந்து, பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கி, விற்றுத் தீர்ந்து, மறுபடி தொங்கியது. கிணற்றில் விழுந்து செத்த எட்டு வயதுச் சிறுமி நாற்பது வருடம் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. கல்லூரியில் படிக்கும்போது அதை மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் தேடினேன்.

முதலில் தமிழில் படமாக எடுத்தார்கள். கிணறு ஊட்டிக்குப் போனது, காமெடியன் ஒருவன் அதற்குள் விழுந்து எழுந்தான், பேய் ஒரு பாட்டுக்கு ஆடியது. பிறகு மலையாளத்தில். குழித்துறை வரை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கிணற்றைக் குளமாக்கி, ஒரு மந்திரவாதியைக் கூப்பிட்டு, பேயைப் பாலை மரத்தில் ஆணியடித்து முடித்தார்கள். இந்தியில் பேய் லண்டனில் வளர்ந்திருந்தது. எந்த மொழியானாலும் பக்கத்து சீட்காரரிடம் "நாவல்ல இப்பிடி இல்ல" என்று சொல்வதை ஒரு பொதுச்சேவையாகவே செய்துவந்தேன். அது போதாதென்று ஒரு சிறுபத்திரிகையில் பதினொரு பக்கத்துக்குக் கட்டுரையும் எழுதினேன். அதை முழுக்க வாசித்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். ஒருவர் பிழை திருத்தியவர். மற்றவன் சென்னையிலிருந்து போன் செய்த அந்த இளம் இயக்குநர்.

நாவலை மறுபடி எடுக்கப் போவதாகச் சொன்னான். "இந்த வாட்டி ஒரிஜினலுக்கு உண்மையா இருக்கணும் சார். ஆனா கதை நடக்குறது உங்க ஊர்ல. உங்கள மாதிரி ஒருத்தர் கூட இருந்தா நல்லாருக்கும்."

அந்த 'உங்கள மாதிரி'யில் விழுந்தேன். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் பேய் ஆவதில்லை, கன்னி ஆவாள் என்று விளக்கினேன். ஓர் ஓலைப்பெட்டியில் அவளுக்குத் துணிமணி இருக்கும். வருடத்துக்கு ஒரு நாள் விளக்கேற்றி, பொங்கல் வைத்து, புதுத்துணியைப் படைத்துப் பெட்டிக்குள் மடித்து வைப்போம். போன வருடத்துத் துணியை அந்த வயதுப் பெண் யாருக்காவது உடுத்தக் கொடுத்துவிடுவோம். அவன் "ஐயோ, சார்!" என்றான். அந்த ஐயோ எனக்குப் போதவில்லை. தோவாளைக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டிலேயே அப்படி ஒரு பெட்டி இருக்கிறது, படப்பிடிப்புக்கு வாங்கித் தருகிறேன் என்றேன். அதன் பிறகும் நிறுத்தவில்லை.

அக்காவின் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் கழுவினாள். மூடி கையை விட்டு நழுவியது. அதைப் பிடிக்க எட்டினாள். பாக்ஸ் படியிலேயே இருந்தது. அவள் அடுத்த மடையில் கிடைத்தாள். மூடி மட்டும் கிடைக்கவில்லை. அத்தான் மூன்று நாள் சானலுக்குள் இறங்கி அந்த மூடியைத் தேடினார். என்னத்துக்கு என்று ஊரில் ஒருத்தரும் அவரிடம் கேட்கவில்லை.

இதைத்தான் சொன்னேன். எதிர்முனையில் அவன் எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி வந்தது. சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தத் திருப்தியை மன்னிக்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து இயக்குநர் வந்தான். கூடவே ஆர்ட் டைரக்டர் என்று ஒரு பெண். அக்கா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு தனியாக இருக்கிறாள். சினிமாக்காரர்கள் பெட்டியைப் பார்க்க வருகிறார்கள் என்று முந்தின நாள் போனில் சொன்னபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாக்கதுக்கா, கொண்டு போகதுக்கா?"

"பாக்கதுக்குத்தான்க்கா."

நாங்கள் போனபோது அக்கா குளித்து, விளக்கேற்றி, பாய் விரித்து, நடுவில் பெட்டியை வைத்திருந்தாள். மேலே கொஞ்சம் பிச்சிப்பூ. மூடியிருந்த ஓலையைத் திறந்தாள். உள்ளே கண்ணாடி வளையல், சாந்துப்பொட்டு, அரக்கு நிறத்தில் ஒரு பருத்திச் சேலை, அதற்குச் சேர்ந்த ஜாக்கெட் துணி.

ஆர்ட் டைரக்டர் பெண் தயங்கினாள். "இது புடவையா இருக்கேம்மா. பாப்பாவோட டிரஸ் இல்லையா? சின்னதா, ஃபிராக் மாதிரி?"

"பாப்பாவா? அவளுக்கு இந்தச் சித்திரையில முப்பத்திரெண்டு."

எனக்கே அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு வருடமும் போவேன், பொங்கல் தின்பேன், பஸ்ஸைப் பிடிப்பேன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அக்கா சாவகாசமாகச் சொன்னாள். முதலில் பாவாடை சட்டை. பதிமூன்றில் தாவணி. அப்புறம் தெருவில் பிள்ளைகள் எல்லாம் சுடிதார் போட்டுக் கல்லூரிக்குப் போனதால் நாலைந்து வருடம் சுடிதார். இருபத்து மூன்றிலிருந்து சேலை. "முந்தின வருசம் பச்ச எடுத்தேன். அவ நெறத்துக்குப் பச்ச எடுக்காது. பொறவுதான் தோணிச்சு." ஒரு கிணறு குளமான கதையைப் பதினொரு பக்கம் ஆராய்ந்த நான் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா இயக்குநரிடம் கேட்டாள். "ஒங்க கதையில அந்தப் பிள்ளைக்கி என்ன வயசு?"

"எட்டும்மா."

"செத்து எத்தன வருசம் ஆச்சு?"

"நாப்பது."

"பொறவும் எட்டா?"

"பேய்தானேம்மா. அது அப்பிடியே நின்னுடும். அதான் பயமே."

அக்கா சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு நாள் மட்டும் பெட்டி வேண்டும், பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம், சார் சொல்லியிருந்தார் என்றான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, நீ சொன்னியா?"

"பேச்சுவாக்குல, சும்மா..."

"அவளக் கேட்டியா?"

அக்கா பெட்டியை மூடினாள்.

"தம்பி," என்று இயக்குநரிடம் சொன்னாள், "இது எனக்க சாமான் இல்ல. அவளுக்க சாமான். எடுத்துக் குடுக்க எனக்குப் பாத்தியத கெடையாது. கோட்டாறுல நல்ல ஓலப்பெட்டி கெடைக்கும், பாத்து வாங்குங்க. சாயா குடிச்சிட்டுப் போணும், என்னா?"

அவர்கள் சாயா குடித்துவிட்டுப் போனார்கள். அக்கா பெட்டியைக் காப்பாற்றிவிட்டாள். நான் போனில் கொடுத்துவிட்டதை அவளால் காப்பாற்ற முடியவில்லை. அது கைமாறியதே அவளுக்குத் தெரியாது.

பல மாதம் கழித்து டிரெய்லர் வந்தது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். கிணறு சானலாகியிருந்தது. படியில் பள்ளிக்கூடப் பை. அப்புறம் இருட்டுக்குள் ஒரு டிபன் பாக்ஸ் மூடி, தரையில் தானாக உருண்டு வந்து, சுற்றிச் சுற்றி விழுந்தது. பேய் வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பக்கத்து மேசைக்காரர் "அம்மாடி!" என்று சிரித்தார். நான் சாப்பாட்டை மூடி வைத்தேன்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல வாக்கியங்களாக யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. அக்கா அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டுப் போனைக் கேட்டாள். டிரெய்லரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாள்.

"இது எவர்சில்வராக்கும். அவளுக்குள்ளது அலுமினியம். இப்பிடிச் சத்தம் போடாது."

பிறகு போனைத் திருப்பித் தந்தாள். "ஒனக்கு அவளப் பத்திப் பேசணும்னு இருந்திருந்தா எங்கிட்டப் பேசியிருக்கலாம்லா மக்கா? இருவத்திமூணு வருசத்துல ஒரு நாளு பேசினியா?"

பேசவில்லை. அவளுக்கு மனசு நோகும் என்று நினைத்துப் பேசாமலிருந்தேன் என்று எழுதலாம். வாசிக்க அது நன்றாகவும் இருக்கும். என்ன பேசுவதென்று தெரியவில்லை, அதனால் பேசவில்லை.

"எப்ப ரிலீசு?"

"அக்கா, நீ பாக்காண்டாம். நாவல்ல இந்த மூடியே கெடையாது. இவனாட்டுச் சேத்தது..."

"நாவலு கெடக்கட்டு. என்னக் கூட்டிட்டுப் போ."

நாகர்கோவிலில் மத்தியானக் காட்சி. பாதி அரங்கு கல்லூரிப் பையன்கள். மூடி உருளும்போதெல்லாம் அவர்கள் கூச்சல் போட்டார்கள். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அழவில்லை, கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு தடவையும் கழுத்தைச் சாய்த்து, அந்த மூடி எந்தப் பக்கம் உருண்டு போகிறது என்று மட்டும் பார்த்தாள். அது திரைக்கு வெளியே போகும்போது அவள் கையும் கைப்பிடியில் ஓர் அங்குலம் நகர்ந்தது.

சிறுமி செத்த காட்சியை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். மீதி நேரமெல்லாம் பேய். தலைமுடியை முகத்தில் விரித்துப் போட்டுக்கொண்டு, சுவரில் ஏறி, கூரையில் ஊர்ந்து, கடைசியில் வீட்டையே எரித்தது. நன்றிப் பட்டியல் ஓட ஆரம்பிக்கும்போதே அக்கா எழுந்துவிட்டாள். நானும் எழுந்தேன். பெயர் வந்ததா என்று தெரியாது.

வெளியே வெயிலில் கண் கூசியது. பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். நிழலில் நின்ற பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"பயந்திட்டியாக்கா?"

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயப்படியதுக்கு அதுல என்ன கெடக்கு? நாப்பது வருசமா அந்தப் பிள்ளைக்கித் தல சீவி விட ஒரு ஆளில்ல. இத்தன பேரு சேந்து படம் எடுக்கியானுவ, ஒருத்தன் கையிலயும் ஒரு சீப்பு இல்லியாலே?"