காமயகவுண்டன்பட்டியில் ஒரு செவ்வாய் கிரகம்

அன்றைக்கு மாமாவின் பாலித்தீன் கூடாரத்துக்குள் இருந்தவர்கள்: மாமா, அத்தை, சித்தி, அப்பா, அம்மா, தம்பி, நான். மொத்தம் ஏழு பேர். தம்பி சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கோழிக்குஞ்சை மாமா கதவிலேயே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் அது கணக்கில் சேராது.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அந்த வயதில் எனக்கு ஆட்களை எண்ணுவதுதான் முழுநேர வேலை. அப்பா ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். குமுளி மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அந்த ஜீப்பை நான் மனசுக்குள் ஒருமுறை கவிழ்த்து, ஒருமுறை நிமிர்த்தி வைப்பேன். அம்மா துணி துவைக்க வாய்க்காலுக்குப் போனால் வாய்க்காலில் வெள்ளம் வரும். தம்பி தென்னந்தோப்புப் பக்கம் போனால் அவன் தலைக்கு நேர் மேலே ஒரு தேங்காய் காம்பு விட்டுக்கொண்டிருக்கும். எல்லோரும் வீடு வந்து சேர்ந்து, நான் எண்ணி முடிக்கிறவரைக்கும் சோறு இறங்காது. எட்டாவதோடு என் படிப்பு நின்றதற்கு இது பாதிக் காரணம். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் என்ன ஆச்சோ என்று எத்தனை நேரம்தான் பயப்படுவது? மீதிக் காரணம் கணக்குப் பாடம்.

வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும், "வந்துர்றேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மாமா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆத்தா, சின்னமனூருக்குப் போறேன். உரம் வாங்கிட்டு ரெண்டு மணி பஸ்ஸுக்கு வந்துருவேன். அந்த பஸ்ஸு வரலைன்னா அடுத்த பஸ்ஸு. அதுக்கும் வரலைன்னா நடந்து வாரேன்னு அர்த்தம்" என்பார். அத்தை சிரிப்பார். கலெக்டருக்குக்கூட இப்படிக் கணக்குச் சொல்ல மாட்டார் என்பார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பக்கத்து வீடுதான். மானியத்தில் ஒரு பாலிஹவுஸ் போட்டிருந்தார். தென்னந்தோப்புக்கும் அடுத்தவர் திராட்சைப் பந்தலுக்கும் நடுவில், வெள்ளை பாலித்தீனைப் போர்த்திக்கொண்டு நிற்கும் பெரிய கூடாரம். உள்ளே விதையில்லா வெள்ளரி. அந்த ரகத்துக்குத் தேனீயே ஆகாது. தேனீ வந்து பூவில் உட்கார்ந்தால் காய் கோணிக்கொள்ளும், வியாபாரி எடுக்க மாட்டான். அதனால் இரண்டு கதவு, நடுவில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி சின்ன அறை. முதல் கதவைத் திறந்து நுழைந்து, அதைச் சாத்தி, தட்டில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, பிறகுதான் அடுத்த கதவைத் தொட வேண்டும். இரண்டும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கப் பார்த்துவிட்டால் மாமா, மச்சானென்றும் பார்க்க மாட்டார், அக்காளென்றும் பார்க்க மாட்டார்.

சித்தி அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. நர்ஸுக்குப் படித்துவிட்டுத் தேனியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஜாதகத்தில் செவ்வாய். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டு, கட்டத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போனார்கள். சித்தி அதற்கெல்லாம் அழவில்லை. கடல் தாண்டி ஒரு பாலைவன ஊரில் நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டாள். வேலையும் கிடைத்துவிட்டது. மாமாதான் முடியாது என்றார். பொம்பளைப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று கம்பம் வரைக்கும் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவர் சரி என்று சொல்லாமல் அந்த வீட்டில் எதுவும் நகராது.

அப்படி இருக்கையில் ஒருநாள் சித்தி பேப்பரோடு வந்த ஞாயிறு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். செவ்வாய் கிரகத்துக்கு மனுசர்கள் போய்க் குடியிருக்கப் போகிறார்களாம். வெளியே மூச்சு விட முடியாதாம். பெரிய கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே செடி வளர்த்து, சமைத்து, பிள்ளை பெற்று வாழ்வார்களாம்.

"ஏத்தா, அந்தக் கிரகம் ஒன் கட்டத்துல வந்து உக்காந்ததுக்கே இந்தப் பாடு" என்றார் அத்தை. "அங்கனயே போயிட்டா என்ன கதி?"

"அது வந்து நம்ம வீட்ல உக்காரும்போது, நம்ம போயி அது வீட்ல உக்காந்தா என்ன மதினி?"

மாமா சிரிக்கவில்லை. "வெளிய தல காட்ட முடியாத எடத்துல அடைஞ்சு கெடக்குறது ஒரு பொழப்பா? சோறு இருக்கும், தண்ணி இருக்கும். சந்தோசம் இருக்குமா?"

பேச்சு செவ்வாயிலிருந்து பாலைவனத்துக்கு இறங்கிவிட்டது எனக்கே புரிந்தது.

"நீங்களும் பகல் பூரா பாலித்தீனுக்குள்ளதானண்ணே கெடக்கீக?"

"பொழுது சாஞ்சா நான் வீட்டுக்கு வாரேன்ல?"

"வீட்டையே உள்ள கொண்டுபோயிட்டா?"

இப்படித்தான் பந்தயம் வந்தது. ஐநூற்று ஒரு ரூபாய். வெள்ளரிக்கொடியைப் பிடுங்கிப் பாத்தி சும்மா கிடக்கும் ஆடி மாதத்தில், அப்பாவுக்கு ஜீப் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழு பேரும் காலையில் பாலிஹவுஸுக்குள் போக வேண்டும். விளக்கு வைக்கிற நேரம்வரை உள்ளே இருக்க வேண்டும். சந்தோஷமாக இருந்துவிட்டால் சித்தி ஜெயித்தாள்: மாமா பணத்தையும் கொடுத்து, வேலைக்குப் போகச் சரியென்றும் சொல்வார். யாராவது ஒருத்தர் பொறுக்காமல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டால் சித்தி தோற்றாள், அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

"சந்தோசமா இருந்தோமா இல்லையான்னு யாரு சொல்றது?" என்று அம்மா கேட்டார்.

மாமா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "இந்தா இருக்காள்ல நம்ம கவலைக்காரி. இவ சொல்லட்டும்."

"மாப்ள, இது அநியாயம்" என்றார் அப்பா. "இவ தீவாளிக்கே வெடி வெடிச்சுருமேன்னு அழுகுறவ."

சித்தியின் முகம் வாடிப்போனது. என்னை ஒருமுறை பார்த்தாள். தோற்றவள் மாதிரியே, "சரி" என்றாள்.

அன்று காலையில் கதவைச் சாத்தின அரை மணி நேரத்தில் முதல் சிக்கல் வந்தது. அத்தை அம்மாவின் காதில் ஏதோ சொல்ல, அம்மா சித்தியின் காதில் சொல்ல, சித்தி சத்தமாகவே அறிவித்தாள்: "அதுக்கு மட்டும் வெளிய போகலாம். ஆனா உடுப்பு மாட்டிக்கிட்டுத்தான் போகணும். செவ்வாயில அப்படித்தான்." உடுப்பு என்பது மாமா மருந்தடிக்கும்போது போடும் மழைக்கோட்டு, முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸ், முகமூடி. தலைக்கு அப்பாவின் ஹெல்மெட். அத்தை அதையெல்லாம் மாட்டிக்கொண்டு இரண்டு கதவையும் முறைப்படி கடந்து, மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்த கக்கூஸுக்கு நிலாவில் நடக்கிற மாதிரி நடந்து போனார். திராட்சைப் பந்தலுக்குள் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த அடுத்த தோட்டக்காரர் கத்திரியைக் கீழே போட்டுவிட்டார்.

"யாருய்யா அது? மருந்தடிக்கிற ஆளா?"

"நான்தேன்ணே!" என்றது ஹெல்மெட்.

"உள்ள என்னத்தா நடக்குது?"

"குடியிருக்கோம்!"

கரண்ட் அடுப்பில் அரிசி வைத்தோம். பாதி வெந்ததும் கரண்டு போய்விட்டது. செவ்வாயிலும் இந்த மின்வாரியம்தானா என்று அப்பா கேட்டார். அரைவேக்காட்டுச் சோற்றில் மோரை ஊற்றி, கொடி பிடுங்கும்போது எடுத்து வைத்த வெள்ளரியைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டோம். தம்பி இரண்டு தட்டு தின்றான். மேலே பாலித்தீனில் சாரல் விழுந்துகொண்டே இருந்தது. யாரோ பயறு புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே குளிரும் இல்லை, வெக்கையும் இல்லை, பால் மாதிரி ஒரு வெளிச்சம். அப்பாவும் மாமாவும் பாத்திமேல் சாக்கை விரித்துத் தாயம் ஆடினார்கள். அம்மாவுக்கும் அத்தைக்கும் இருந்த ஒரு பழைய பித்தளைக் குடத்துச் சண்டை மறுபடி வந்தது. கோபித்துக்கொண்டு எழுந்து போக இடமில்லாததால் அதே இடத்தில் உட்கார்ந்து அவர்களே அதை முடித்துக்கொண்டார்கள்.

சாப்பிட்டதும் நான் தூங்கிவிட்டேன். பகலில் தூங்குகிற பிள்ளையே இல்லை நான். விழித்ததும் வழக்கம்போல் எண்ணினேன். படுத்த இடத்திலிருந்து தலையைத் திருப்பினாலே முடிந்துவிட்டது. ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழுதான். எண்ணுவதற்கு இவ்வளவு சுலபமான ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

காற்று அதற்குப் பிறகுதான் வந்தது. குமுளிக் கணவாய் வழியாக இறங்குகிற ஆடிக் காற்று. கூடாரமே ஒருமுறை மூச்சை இழுத்து விட்டது. மேற்குப் பக்கத்துப் பாலித்தீனைப் பிடித்திருந்த ஸ்பிரிங் கம்பி டப்பென்று தெறித்தது. பாலித்தீன் ஓரம் வெளியே பிய்த்துக்கொண்டு படபடவென்று அடித்தது. மாமா ஓடிப்போய் அதை உள்ளேயிருந்தே எட்டிப் பிடித்தார்.

"வெளிய போயி ரெண்டு கல்லத் தூக்கி வச்சா முடிஞ்சுது" என்று அப்பா கதவுப் பக்கம் திரும்பினார்.

சித்தி எழுந்துவிட்டாள். அவளுக்குத் தெரியும், அந்தப் பாலித்தீன் எவ்வளவு கடனில் வந்தது என்று. "போங்கண்ணே, நீங்களே போங்க. கிழிஞ்சிரும். பந்தயம் கெடக்குது" என்றாள்.

"கதவ எவனாச்சும் தொட்டீக, கால ஒடிச்சிருவேன்!" என்று மாமா கத்தினார். "உள்ள இருக்குற காத்து வெளிய போயிட்டா செவ்வாயில ஒரு உசுரு மிஞ்சுமா? வந்து புடிங்க எல்லாரும்!"

எல்லோரும் பிடித்தோம். மாமா, அப்பா, சித்தி, அம்மா, அத்தை, நான். தம்பி பாலித்தீனுக்குக் கை எட்டாததால் மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். காற்று இழுத்தது, நாங்கள் இழுத்தோம். அத்தையின் கொண்டை அவிழ்ந்தது. வேட்டி அவிழப் போகுதென்று மாமா அலற, அம்மா சிரித்துச் சிரித்துப் பிடியை விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். அப்பா கொடி கட்டுகிற கயிற்றை எடுத்து ஓரத்தைச் சுருட்டி இரும்புக் குழாயோடு கட்டி முடிக்கிறவரைக்கும் நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நின்றேன். இந்தக் காற்று நிற்கவே கூடாது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கடைசிப் பாத்திக்குப் போனார். "ஆத்தா, நீ இல்லைன்னு சொல்லு" என்றார் மெல்ல. "இருந்தேன்னு சொன்னா சித்தி போயிருவா. அப்புறம் ஒருத்தி கொறைவா."

அவ்வளவு நேரம் எங்கேயோ போயிருந்த பயமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் திரும்பி வந்தது. ஆறு பேரை எப்படி எண்ணுவது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அத்தை விளக்கை ஏற்றினார். மாமா எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சொல்லுத்தா. இங்கன சந்தோசமா இருந்தியா?"

அம்மா இல்லையென்று தலையை லேசாக ஆட்டினார். சித்தி என்னைப் பார்க்கவே இல்லை. தூக்குச்சட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த நாள் முழுக்க எனக்குள் அந்த வார்த்தைக்கு இடமே இல்லாமல் இருந்தது.

"இருந்தேன் மாமா" என்றேன். பிறகு அழுதுகொண்டே கேட்டேன்: "நாளைக்கும் இங்கனயே இருப்பமா?"

அப்பாதான் முதலில் சிரித்தார். சித்தி தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. மாமா எழுந்து, கிழக்குப் பக்கத் திரையைத் தூக்கி, திராட்சைத் தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, "தோத்துட்டேன்யா! இந்தச் சின்னக் கழுத என்னையத் தோக்கடிச்சிருச்சு! இனி அனுப்பித்தேன் ஆகணும்!" என்று கத்தினார். மறுநாள் காலைக்குள் செய்தி கம்பம் வரைக்கும் போய்விட்டது. வாக்குத் தவறாத மனுசன் என்று சொந்தக்காரர்கள் அவரை மெச்சினார்கள்.

சித்தி போய்விட்டாள். முதல் மாதம் நான் எண்ணும்போதெல்லாம் ஆறில் தட்டி நின்றது. பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்யத் தொடங்கினாள். வெயிலுக்கு வெளியே தலை காட்ட முடிவதில்லையாம். ஆஸ்பத்திரி, வண்டி, ரூம், எல்லாம் கண்ணாடிக்குள். ஆனால் ரூமில் மூன்று மலையாளத்துப் பிள்ளைகள், விடிய விடியச் சிரிப்பாம். ஜன்னலோரம் டப்பாவில் கொத்தமல்லி வந்திருக்கிறதாம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். நான் அவளையும் சேர்த்தே எண்ணிக்கொள்கிறேன்.

அந்த வயதில் எனக்குத் தோன்றாதது ஒன்றுதான். பாலித்தீன் கிழிந்தால் மாமாவுக்கு நஷ்டம். கதவைத் திறந்து போய்க் கல்லை வைத்திருந்தால் பாலித்தீனும் மிஞ்சும், பந்தயமும் அவருக்கு. தோற்றுப்போக வேண்டியவளே போகச் சொன்னாள். அவர் போகவில்லை. சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் எங்களை அவித்துவிடக்கூடிய கூடாரத்துக்கு ஆடிச் சாரலில் நாள் குறித்ததும் அவர்தான். ஊரில் இத்தனை பேர் இருக்க, எல்லோரும் கண்ணெதிரே இருந்தாலே போதும் என்று நினைக்கிற ஒரே பிள்ளையை நீதிபதியாக்கியதும் அவர்தான். நான் என்னமோ நானே தீர்ப்புச் சொன்னதாகப் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டால் மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். சித்தி போனில் பணத்தைக் கேட்டாலும் அதே பதில்தான்: "சின்னப் பிள்ள சொன்ன தீர்ப்பு செல்லாது. நான் மேல்கோர்ட்டுக்குப் போறேன்." ஆக, எங்கள் வீட்டுக் கணக்குப்படி, மாமா சித்திக்குத் தர வேண்டியது ஐநூற்று ஒரு ரூபாய். இன்னும் பாக்கி.