சிவப்புச் சாவிக் கடைக்கு ஓர் இணையதளம்

சாவிக்காரர் இணையதளம் தொடங்கப்போகிறார் என்று தெரிந்ததும் கடைத்தெருவில் சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. பூட்டு ரிப்பேர், சாவிக்கு நகல், பெட்டிக்குக் கைப்பிடி மாற்றுவது, இவ்வளவுதான் அவர் தொழில். ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் மூன்றாவதாக அவர் நிற்க மட்டும் இடமிருக்கும் கடை. அதற்கு எதற்கய்யா இணையதளம், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் முழித்துக்கொண்டு நிற்கிறவன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பானா என்று எதிர்க்கடை கண்ணாடிக்காரர் கேட்டார். சாவிக்காரர் குனிந்து கையிலிருந்த சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நியாயமான கேள்விதான். பதில் சொன்னால் வீட்டு விஷயத்தைச் சந்தியில் போட வேண்டியிருக்கும்.

அந்த இணையதளம் வாடிக்கையாளர்களுக்காக இல்லை. ஒரே ஒரு ஆளுக்காக. அவருடைய அக்காவுக்காக.

அக்கா வீட்டைவிட்டுப் போனபோது அவருக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவனை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் கேட்டால் அப்பாவாலேயே ஒழுங்காகச் சொல்ல முடியாது. அவர் பிடிவாதம் பிடித்தால் பிடித்ததுதான். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார். அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே, மிதிக்கவில்லை. கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவள், வீட்டுச் சாவியை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டாள். வேண்டுமென்று எடுத்தாளா, மறதியா என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாததால்தான் தம்பிக்கு இத்தனை வருஷமும் ஒரு நப்பாசை.

பிறகு எல்லாம் மாறிப்போனது. அப்பா போய்ச் சேர்ந்தார். சாலையை அகலமாக்குகிறோம் என்று வந்தவர்கள் முன்பக்கக் கடையையும் பின்பக்க வீட்டையும் சேர்த்து இடித்துத் தள்ளினார்கள். போன் நம்பரும் மாறியது. அக்கா ரோஷத்தை விட்டுவிட்டு ஒருநாள் கிளம்பி வந்தாலும், வந்து நிற்கிற இடத்தில் பஸ்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இடிப்பதற்கு முதல்நாள் சாவிக்காரர் இரண்டு பொருள்களைக் கழற்றிக்கொண்டார். ஒன்று, கடை வாசலில் தொங்கிய ஆள் உயர மரச்சாவி. சின்ன வயதில் அக்கா அதற்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டு அப்பாவிடம் முதுகில் வாங்கியிருந்தாள். ஆனால் அதிலிருந்து ஊரே சிவப்புச் சாவிக் கடை என்றுதான் சொன்னது. இன்னொன்று, வீட்டு வாசல் கதவின் பூட்டு. ஊர்க்கோடியில் பிடித்த வாடகை வீட்டில் நல்ல பூட்டு ஏற்கெனவே இருந்தது. இவர் அதைப் பிடுங்கிவிட்டுப் பழையதைப் பொருத்தினார். வீட்டுக்காரர் வந்து பார்த்து, பூட்டுக்காரன் வீட்டுக்கு இவ்வளவு மட்டமான பூட்டா என்று கேட்டாராம். கேட்டுவிட்டுப் போகட்டும்.

அக்கா வராமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று வீம்பாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். கொஞ்ச நாளில் வேண்டுமா என்று கேட்க ஆள் இல்லாமல் போனது. இப்போது வீட்டில் அவரும் அம்மாவும்தான்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனுஷி. ஆனால் சுவிட்சுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் லைட், ஃபேன், டிவி என்று வரிசையாகத் தட்டி அணைத்துவிட்டுத்தான் வருவாள். உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. மகன் குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை லைட்டை அணைத்துவிட்டு, சோப்பு என்ன கண்ணுக்குத் தெரியாமலா போய்விடும் என்பாள். வீட்டில் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் தப்பித்தது. அதுவும் ஒரு பாத்திரம் பால் திரிந்துபோன பிறகுதான்.

அக்காவைத் தேடுவதை அந்த அம்மாவிடம் அவர் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவான், உங்க பொண்ணை பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி இருந்தது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனான். அம்மா தினமும் போய் அங்கே நின்றாள். போகாதே என்றால் காய்கறி வாங்கப் போகிறேன் என்பாள். காய்கறிக் கடை இருப்பதோ நேர் எதிர்த்திசையில். கடைசியில் படுத்த படுக்கையாகி, எழுந்திருக்க வெகுநாள் ஆனது. இன்னொரு தடவை அவளை அப்படிப் பார்க்கிற தெம்பு மகனுக்கு இல்லை.

இணையதள யோசனையைக் கொடுத்தது பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். வயதில் சின்னவன், வாயில் பெரியவன். இணையத்தில் போட்டோ போடுகிற எந்தப் பக்கத்திலும், அரட்டைப் பக்கத்திலும் அக்கா அகப்படவில்லை என்று சாவிக்காரர் புலம்பியபோது அவன், "நீங்க தேடினா கிடைக்க மாட்டாங்கண்ணே. அவங்க தேடினா நீங்க கிடைக்கணும். அதுக்கு வழி பண்ணுங்க" என்றான். அக்கா தேடினால் என்ன பெயரைப் போட்டுத் தேடுவாள்? சிவப்புச் சாவிக் கடை என்றுதான் போடுவாள். வேறெதையும் அவள் போட மாட்டாள் என்பதில் இவருக்குச் சந்தேகமே இல்லை.

இணையதளத்துக்குக் கடைப் பெயரைப் பதிவு செய்ய வருஷத்துக்குக் கொஞ்சம் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். அதைக் கட்டினார். பக்கத்தை எங்காவது வாடகைக்கு வைக்கலாமா என்று விசாரித்தால், மாதாமாதம் கட்டு என்றார்கள். கடை வாடகை, வீட்டு வாடகை, இதற்கும் வாடகையா என்று பின்வாங்கிவிட்டார். ரிப்பேர்க்காரன் கடையில் திரை உடைந்த மடிக்கணினி ஒன்று தூசி படிந்து கிடந்தது. திரையும் பேட்டரியும்தான் போயிருந்தன, கரண்டில் செருகினால் மற்றதெல்லாம் நன்றாக ஓடியது. அதை வீட்டிலேயே வைத்து இன்டர்நெட் வயரைச் செருகிவிட்டால் அதிலிருந்தே உலகத்துக்குப் பக்கத்தைக் காட்டலாம், ஒரே நிபந்தனை, அது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றான். பதிலுக்கு அவன் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் பூட்டு மாற்றிக் கொடுப்பதாகப் பேச்சு.

வீட்டு டிவியை மடிக்கணினியில் மாட்டி, ஒரு விரலால் தட்டித் தட்டி சாவிக்காரரே பக்கத்தை எழுதினார். மேலே சிவப்பு மரச்சாவியின் படம். கீழே கடை இடம் மாறிவிட்டது, புது விலாசம் இது, போன் நம்பர் இது. வீட்டில் திறந்து பார்த்தால் படம் பளபளவென்று இருந்தது. ரிப்பேர்க்காரன் தன் போனில் திறந்தால் படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம். படம் எங்கே இருக்கிறது என்பதற்கு இவர் தன் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகிற கம்ப்யூட்டர் உள்விலாசத்தைக் கொடுத்திருந்தார். "சாவியப் பாக்கணும்னா எல்லாரும் உங்க வீட்டுக்குத்தாண்ணே வரணும்" என்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதையும் சரிசெய்தாயிற்று.

கடைசி வரிக்குத்தான் பாடாய்ப் பட்டார். அக்கா, வா என்று எழுதினார், அழித்தார். அப்பா இல்லை என்று எழுதினார். செத்தவரைச் சொல்லியா கூப்பிடுவது என்று தோன்ற, அதையும் அழித்தார். முடிவில் தனக்குத் தெரிந்ததை எழுதினார்: வீடு மாறினாலும் வாசல் கதவில் பழைய பூட்டுதான்.

மடிக்கணினிப் பெட்டியைக் கூடத்து மூலையில் அலமாரி மேல் வைத்தார். இது கடைக்கு விளம்பரம், அணைக்கக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். சரிடா என்றாள் அம்மா.

மாதங்கள் ஓடின. தேடுகிற இடத்தில் சிவப்புச் சாவிக் கடை என்று போட்டால் பெயர் முதலாவதாக வந்து நின்றது. பகலில் சும்மா இருக்கும்போதெல்லாம் கடையில் உட்கார்ந்து போனில் திறந்து பார்ப்பார். சட்டென்று திறக்கும். போன்கூட வந்தது. பீரோ சாவி தொலைந்தவர் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் அவன் கேட் பூட்டைத் திறக்க முடியுமா என்று ஒரு பெரிய மனிதர் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். யார் யாரோ கூப்பிட்டார்கள். அக்கா கூப்பிடவில்லை. அவள் தேடவே இல்லை போலிருக்கிறது, நாம்தான் பைத்தியக்காரத்தனமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. வருஷம் முடிகிற சமயம் வந்தது. பெயருக்கு மறுபடி பணம் கட்ட வேண்டாம், போனது போகட்டும் என்று ரிப்பேர்க்காரனிடம் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். சாயங்காலமே மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள், மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தாள். அவர் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினார். போன் அடித்தது.

சாவிக் கடைங்களா என்று கேட்டது ஒரு பெண் குரல். ஆமாம் என்றார். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. அந்த மூச்சிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பூட்டு நிஜமாவே பழசுதானா?" என்று கேட்டாள் அக்கா.

அழுதார்கள், இரண்டு பேரும். கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். அப்பா இல்லை என்று சொன்னதும் எப்போது, எப்படி என்று கேட்டாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் அவளுக்கு இரவு வேலை. பகலில் புருஷன் வீட்டில் இருப்பார். பிறந்த வீட்டைத் தேடுவதைப் பார்த்தால் அவர் மனசு நோகும் என்று, வேலை இடைவேளையில்தான் போனில் தேடுவாளாம். கடைப் பெயர் வருமாம். தொட்டால் திறக்காதாம்.

"பல மாசமாப் பாக்கறேன்டா. பேரு மட்டும் வரும், உள்ள போக முடியாது. நான்னு தெரிஞ்சு நீங்கதான் அடைச்சு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். நேத்து ராத்திரிதான் மொதத் தடவயா தெறந்துச்சு."

அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தான் பார்த்தபோதெல்லாம் திறந்ததே! நேற்று ராத்திரி மட்டும் என்ன அதிசயம்? நேற்று ராத்திரி வீட்டில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: அம்மா சீக்கிரம் படுத்துவிட்டாள். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெட்டியை ராத்திரியில் அணைப்பாயா என்று கேட்டார். அவள் ஒளிக்கவில்லை, ஒளிக்க என்ன இருக்கிறது. "ஆமா. கடையப் பூட்டிட்டு வந்தப்பறம் கடை விளம்பரம் எதுக்குடா? காலைல நீ எந்திரிக்கறதுக்குள்ள போட்டுருவேன்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கடை விளம்பரம் என்று சொன்ன வாய் இவருடையதுதானே. கரண்ட் போய் வந்தால் தானாகவே ஓடத் தொடங்கும்படி பெட்டியைப் பழக்கி வைத்ததும் இவர்தான். அம்மா நெஞ்சு தாங்காது என்று மறைத்தார். மறைத்ததால் பெற்ற பெண்ணை அவள் ஒவ்வொரு ராத்திரியும் தன் கையாலேயே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அதை நினைக்க நினைக்க அவருக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன் என்று மழுப்பப் பார்த்தார். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. உண்மையைச் சொல்லி, போனைப் போட்டு அம்மா கையில் கொடுத்தார். அம்மா அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டாள். புள்ளைங்க இருக்கா என்று கேட்டாள். போனை வைத்த பிறகு எழுந்து போய், அலமாரி ஓரத்து சுவிட்சுக்கு முன்னால் நின்றாள். "நானாடா அணைச்சேன்?" என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் சொல்லாதது என் தப்பும்மா என்று அவர் எத்தனை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள் அக்கா. சாவிக்காரர் பூட்டுக்கு எண்ணெய் விட்டு, நான்கு முறை திறந்து மூடிப் பார்த்தார். அம்மா காலையிலிருந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். தெருவில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டு மகன் கதவுப் பக்கம் பாய்ந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினாள். "திறக்காத. பூட்டியே இருக்கட்டும். அவ திறந்துக்கிட்டு வரட்டும்."

வெளியே செருப்பைக் கழற்றும் ஓசை. பூட்டுக்குள் சாவி நுழைந்து, ஒருமுறை தடுமாறி, திரும்பியது.

நரை விழுந்த ஒருத்தி கையில் சாவியோடு உள்ளே வந்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை எழுத வேண்டியதில்லை. அழுவதும், கன்னத்தைத் தடவுவதும், இளைச்சிட்டே என்பதுமாகவே பொழுது போயிற்று. சாப்பிட்டு முடித்து எல்லோரும் உள்ளறைக்குப் போகும்போது அக்கா கடைசியாக எழுந்தாள். பேசிக்கொண்டே போகிற போக்கில் கூடத்து லைட்டைத் தட்டினாள், ஃபேனைத் தட்டினாள், கை தானாக அலமாரி ஓரத்துக்குப் போனது. அங்கே சுவிட்சின் மேல் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி பெருக்கல் குறியாக ஒட்டியிருந்தது.

"அத மட்டும் தொடாதடி" என்றாள் அம்மா.

விஷயம் தெரிந்த அக்கா சிரித்தாள். "அதான் நானே வந்துட்டேனேம்மா. இனிமே எதுக்கு?"

"நாளைக்கு நீ வேலைக்குப் போயிருவ. ராத்திரில திறந்து பாக்கணும்னு தோணுமில்ல."

அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். சாவிக்காரர் எழுந்து வாசல் பக்கம் போய் ரிப்பேர்க்காரனுக்கு போன் போட்டு, பெயருக்கு இந்த வருஷப் பணத்தையும் கட்டிவிடச் சொன்னார்.